மேல வீடு கட்டலாமா

நான் மருந்துக் கடையில பில் போடறவ. டிகிரி முடிச்சா ஸ்டோர் பொறுப்பு தர்றேன்னு முதலாளி சொன்னாரு. அதனால நாப்பத்தேழு வயசுல சாயங்காலக் காலேஜ்ல சேர்ந்தேன். சயின்ஸ்ல ஏதாவது ஒரு பாடம் எடுத்தே ஆகணும்னாங்க. கெமிஸ்ட்ரின்னா பயம், பிசிக்ஸ்னா தூக்கம். ஆபீஸ்ல உக்காந்திருந்த அம்மாதான் ஜியாலஜி எடுத்துக்கோங்க, கல்லைப் பாத்து பேர் சொன்னா பாஸ்னு சொன்னாங்க. அப்படித்தான் நான் கல்லு பக்கம் வந்தேன்.

கிளாஸ்ல எல்லாம் என் வயசுல பாதிகூட இல்லாத பசங்க. முதல் வாரமே எனக்கு ஃபாசில் அக்கான்னு பேர் வச்சுட்டாங்க. கோவம் வரலை. நிஜமாவே அந்த ரூம்ல சாருக்கு அடுத்தபடியா பழைய பொருள் நான்தான்.

சார் நல்லா நடத்துவாரு. அதைச் சொல்லியே ஆகணும். மர டப்பாவுல கல்லை அடுக்கி வச்சுக்கிட்டு வருவாரு. நகத்தால கீறுங்க, கண்ணாடில தேய்ங்க, ஒரு சொட்டு ஆசிட் விட்டுப் பாருங்க, நுரைச்சா சுண்ணாம்புக்கல்னு கையில குடுத்துதான் பாடம் எடுப்பாரு. ஒரு நாள் ரெண்டு சாம்பல் கலர் துண்டைக் குடுத்து வித்தியாசம் என்னன்னு கேட்டாரு. லென்ஸ் வச்சுப் பாத்தும் யாருக்கும் தெரியலை. அவர் ஒரு துண்டை உடைச்சு முன்பல்லுல வச்சுக் கடிச்சுக் காட்டினாரு. நறநறன்னு இருந்தா வண்டல், வெண்ணெய் மாதிரி வழுக்குனா களிமண். பொண்ணுங்க எல்லாம் ஐயேன்னு முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. நான் கடிச்சேன். சரியாவும் சொன்னேன். அன்னைக்கு பஸ்ல வீட்டுக்குப் போறப்ப எனக்குள்ள ஒரு சின்ன பெருமை இருந்துச்சு. ஸ்கூல் விட்டப்பறம் அந்த மாதிரி ஒண்ணு எனக்கு வரவே இல்லை.

இன்னொரு நாள் ரெண்டு டைல்ஸ் கொண்டு வந்தாரு. நடுவுல ஈரக் களிமண்ணைத் தடவி ஒண்ணு மேல ஒண்ணு வச்சு, சாய்வா பிடிச்சாரு. நகரலை. அதுக்கு மேல டஸ்டரை வச்சாரு, சாக்பீஸ் டப்பாவை வச்சாரு. அப்பவும் நகரலை. அப்புறம் பாட்டில்லேர்ந்து கொஞ்சம் தண்ணி ஊத்தினாரு. ஒரு நிமிஷம் ஒண்ணுமே ஆகலை, பசங்க சிரிக்க ஆரம்பிச்சுட்டாங்க. அப்பதான் மேல் டைல்ஸ், டஸ்டர், சாக்பீஸ் எல்லாம் ஒண்ணா நழுவி தரையில விழுந்துச்சு. மலைச்சரிவுன்னா இவ்வளவுதான், ஃபீல்டுல பாப்பீங்கன்னாரு.

எனக்குன்னு சொல்லிக்க தம்பி ஒருத்தன்தான். அப்பா அம்மா இல்லை, என் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்துட்டாரு. தம்பி ஸ்கூல் பஸ் ஓட்டறவன். ஊருக்கு வெளிய குன்று மேல இடம் வாங்கி அப்ப வீடு கட்டிக்கிட்டு இருந்தான். நான் நாலஞ்சு தடவை போயிருக்கேன், மேல் ரோடு வழியா. அங்க நின்னா கீழ மொத்த ஊரும் தெரியும். தம்பி பொண்டாட்டி இங்கதான் ஊஞ்சல், இங்கதான் பாப்பா படிக்கற மேசைன்னு செங்கல் வச்சுக் காட்டுவா. வேலைக்குத் தண்ணி பிடிச்சு வைக்க என் வீட்டு மஞ்ச டிரம்மைத் தூக்கிக்கிட்டுப் போனான் தம்பி. மூடி உடைஞ்ச டிரம்மு, அதுல என் மருந்துக் கடை ஸ்டிக்கர்கூட ஒட்டியிருக்கும்.

ஃபீல்டு ட்ரிப் ஒரு ஞாயித்துக்கிழமை. காலேஜ் பஸ்ல தொப்பி, தண்ணி பாட்டில், சுத்தியல் சகிதமா கிளம்பினோம். முதல்ல ஆத்தோரம், அப்புறம் ஒரு பழைய குவாரி. மத்தியானத்துக்கு மேல புது ரோட்டுல ஒரு இடத்துல வண்டியை நிறுத்தச் சொன்னாரு. ரோடு போடறதுக்காக குன்றை நேரா வெட்டி வச்சிருந்தாங்க. எதிர்ப்பக்கம் ஒரு மேடு, அதுல எங்களை ஏத்தி நிக்க வச்சாரு. அங்கேர்ந்து பாத்தா வெட்டின பக்கம் அடுக்கடுக்கா தெரிஞ்சுது, புத்தகத்தை சாய்ச்சு வச்ச மாதிரி. கெட்டியா மணற்கல், நடுவுல விரல் தடிமனுக்கு சாம்பல் கலர்ல ஒரு கோடு, மறுபடியும் மணற்கல். எல்லாமே ரோட்டைப் பாத்து சாஞ்சிருந்துச்சு.

சார் உற்சாகமாயிட்டாரு. அந்த சாம்பல் கோடு களிமண், அடியில தாங்கிக்கிட்டு இருந்த பாறையை ரோட்டுக்காக வெட்டி எடுத்துட்டாங்க, இனி நல்ல மழை ஒண்ணு வந்தா போதும், டைல்ஸ் ஞாபகம் இருக்கான்னாரு. இத்தனை வருஷ சர்வீஸ்ல இதைவிட அழகான உதாரணம் அவர் பாத்ததில்லையாம். அப்புறம் சுத்தியலைத் தூக்கி மேல காட்டினாரு.

"அங்க ஒரு புண்ணியவான் வீடு கட்டறான் பாருங்க. நீங்களா இருந்தா கட்டுவீங்களா?"

மாட்டோம் சார்னு எல்லாரும் ஒரே குரல்ல சொன்னாங்க. பின்னாடியிருந்து ஒருத்தன், மாமியாருக்குன்னா கட்டிக் குடுக்கலாம் சார்னான். சிரிப்பு அடங்க ரொம்ப நேரமாச்சு. நானும் சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே நிமிந்து பாத்தேன். பாதி எழும்பின தூணுங்களுக்குப் பக்கத்துல மஞ்சளா ஒரு டிரம்மு, மூடி இல்லாம.

நான் கீழ் ரோடு பக்கமா அந்த இடத்துக்கு வந்ததே இல்லை. அதனாலதான் அதுவரைக்கும் புரியலை.

எல்லாரும் பஸ் ஏறற வரைக்கும் காத்திருந்து சார்கிட்ட கேட்டேன். இந்த இடத்துக்கு எத்தனை வருஷமா வர்றீங்க சார். ரோடு வெட்டினதுலேர்ந்து வருஷா வருஷம் வர்றேன்மா, பரீட்சையிலயும் இதான் வரும், நல்லா பாத்து வச்சுக்கோங்கன்னாரு. மேல இருக்கறவங்ககிட்ட யாராவது சொன்னீங்களான்னு கேட்டேன். அவருக்கு அந்தக் கேள்வியே புரியலை.

"நான் பாடம் எடுக்கறவன்மா. பிளான் பாஸ் பண்றவன் பாக்க வேண்டியதை நான் எப்படி பாக்கறது?"

அது என் தம்பி வீடுன்னு சொன்னேன். அவர் முகம் கொஞ்சம் மாறுச்சு. அடடான்னாரு. அப்புறம் வாட்ச்சைப் பாத்தாரு.

அன்னைக்கே தம்பி வீட்டுக்குப் போனேன். தலைகூட சீவலை, பூட்ஸ் முழுக்க மண்ணு. சாப்பிட்டுக்கிட்டு இருந்தவன்கிட்ட ரெண்டு தட்டை ஒண்ணு மேல ஒண்ணு வச்சு, நடுவுல தண்ணி விட்டு சாய்ச்சுக் காட்டினேன். பாப்பா கை தட்டுச்சு. தம்பி பொறுமையாத்தான் கேட்டான். பிளான் பாஸ் ஆயிருக்கு, பேங்க்காரன் வந்து பாத்திருக்கான், பக்கத்துல இன்னும் ரெண்டு பேர் கட்டப் போறாங்க, அவங்க எல்லாருக்கும் தெரியாதது உனக்குத் தெரிஞ்சுதான்னு கேட்டான். சரி, உங்க சாரை ஒரு தடவை வந்து பாத்து சொல்லச் சொல்லு, அவர் வேண்டாம்னா யோசிக்கறேன்னான். நியாயமாத்தான் பேசினான். அதுல நான் குறை சொல்ல மாட்டேன்.

சார்கிட்ட கேட்டேன். வர முடியாதுன்னுட்டாரு. காலேஜ் பேரை வச்சு நான் வெளிய போய் எதுவும் சொல்லக் கூடாதும்மா, நாளைக்கு இடத்துக்காரன் எல்லாம் சேர்ந்து விலை போச்சுன்னு கேஸ் போடுவான், ரிட்டயர் ஆகற நேரத்துல எனக்கு எதுக்குன்னாரு. அப்புறம் என் முகத்தைப் பாத்துட்டு, அலமாரியைத் திறந்து காம்பஸை எடுத்து என் கையில குடுத்தாரு. உங்களுக்குத்தான் சாய்வு அளக்கத் தெரியுமே, நீங்களே அளந்து காட்டுங்க, நம்பர் பாத்தா நம்புவாங்கன்னாரு. எனக்கு அது பெரிய மரியாதையா தெரிஞ்சுது. அவர் தன்னைக் கழட்டிக்கிட்டாருன்னு அப்ப தெரியலை.

அடுத்த ஞாயிறு தம்பி, அவன் பொண்டாட்டி, மேஸ்திரி மூணு பேரையும் நிக்க வச்சுக்கிட்டேன். கழிவுநீர்த் தொட்டிக்குத் தோண்டின குழியில பாறையும் நடுவுல அந்த சாம்பல் கோடும் வெளிய தெரிஞ்சுது. அதுல இறங்கினேன். முதல்ல அந்த சாம்பல் மண்ணைக் கிள்ளி பல்லுல வச்சேன். வெண்ணெய் மாதிரி வழுக்குச்சு, களிமண்ணேதான். நிமிந்து பாத்தா தம்பி பொண்டாட்டி வாயைப் பொத்திக்கிட்டு நிக்கறா.

"என்ன அண்ணி, மண்ணு திங்கறீங்க? இந்த வயசுல மசக்கையா?"

மேஸ்திரி மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு தோள் குலுங்க சிரிச்சாரு. தம்பியும் சிரிச்சான். நானும் பதிலுக்கு ஒரு சிரிப்பு சிரிச்சு வச்சேன். அப்புறம் கொஞ்சம் கெத்தாவே சொன்னேன், இந்தப் பாறை கிழக்கால சாயுது, அதாவது ரோட்டைப் பாத்து, இப்ப காம்பஸே சொல்லும் பாருங்கன்னு. கிளாஸ்ல சொல்லிக் குடுத்த மாதிரி பாறை மேல காம்பஸை வச்சு, குமிழி நடுவுல வர்ற வரைக்கும் சரி பண்ணி, முள்ளு நிக்கற வரைக்கும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். முள்ளு நின்னுச்சு. பாறை சாயற பக்கம் கிழக்குன்னு காட்டலை. வடக்குன்னு காட்டுச்சு. எடுத்துத் துடைச்சு மறுபடி வச்சேன். வடக்குதான்.

மேஸ்திரி குழிக்குள்ள எட்டிப் பாத்தாரு. அவர் கெட்ட ஆளில்லை, வாய்தான் கொஞ்சம் நீளம்.

"அக்கா, இந்த மெஷின் சொல்றது சரின்னா நாளைலேர்ந்து சூரியன் தெற்கால இருக்கற பஸ் ஸ்டாண்டு பக்கமாத்தான் உதிக்கணும்."

நான் பதறிட்டேன். காம்பஸை விடுங்க, இதைப் பாருங்கன்னு பாட்டில் தண்ணியைப் பாறையில ஊத்தினேன். ரோட்டைப் பாத்து ஓடுச்சு. தண்ணி பள்ளத்துக்குத்தான்க்கா ஓடும், அதுக்கு எதுக்கு காலேஜுன்னு கேட்டாரு மேஸ்திரி. பாறைன்னா கோணலாத்தான் இருக்கும், அதுக்குத்தானே நாங்க மேல மட்டமா கான்கிரீட் போடறோம்னாரு. அதுக்கு மேல நான் சொன்ன எதுவும் யார் காதுலயும் ஏறலை. தம்பி கை குடுத்து என்னைக் குழியிலேர்ந்து தூக்கி விட்டான். பாத்துக்கா, கம்பி இருக்கு, கால்ல குத்தப் போகுதுன்னான்.

கம்பி. குழியோட விளிம்புலயே தூணுக்கான இரும்புக் கம்பியை லோடு லோடா அடுக்கி வச்சிருந்தாங்க.

திங்கட்கிழமை சார் கேட்ட முதல் கேள்வியே பக்கத்துல இரும்பு ஏதாவது இருந்துச்சாங்கறதுதான். சுத்தியலைக்கூட பத்தடி தள்ளி வச்சுட்டுத்தானே அளக்கணும், முதல் கிளாஸ்லயே சொன்னேனேன்னாரு. ஆமா, சொன்னாரு. என் சுத்தியலைத் தள்ளித்தான் வச்சிருந்தேன். அவ்வளவு கம்பி கண்ணு முன்னாடி கிடந்தும், வீடு கட்டற இடத்துல அது கிடக்கறது சகஜம்தானேன்னு மனசுல ஏறவே இல்லை.

அன்னைக்கே தம்பிக்கு போன் போட்டேன். கம்பியாலதான்டா முள்ளு திரும்பிடுச்சு, இன்னொரு தடவை வா, கம்பியைத் தள்ளி வச்சுட்டு அளக்கறேன்னேன். வேலையா இருக்கேன்னு வச்சுட்டான். மறுநாள் போட்டேன். அதுக்கு மறுநாள் ஸ்கூல் வாசலுக்கே போயி, அவன் பஸ்ல குழந்தைங்க ஏறிக்கிட்டு இருக்கறப்ப ஜன்னல் பக்கத்துல நின்னு பேசினேன். கீழ் ரோட்டுக்கு வந்து ஒரே ஒரு தடவை எதிர் மேட்டுலேர்ந்து பாருடா, காம்பஸே வேண்டாம், கண்ணாலயே தெரியும்னேன். அவன் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு நேரா பாத்துக்கிட்டே பேசினான்.

"வாடகை வீட்டுல இருக்கறவளுக்கு என் வீடு கண்ணை உறுத்துது. அதுக்கு ஒரு பாடம் வேற படிச்சிருக்கே நீ."

எந்தக் கோவத்துல சொன்னானோ. ஆனா சொன்னான். பின் சீட்டுக் குழந்தைங்க எல்லாம் என்னையே பாத்துச்சுங்க. நான் பின்னால போயி பஸ் கதவைத் தட்டி, போலாம்னு கை காட்டினேன், ஏதோ கண்டக்டர் மாதிரி.

அந்த மாசமே கூரை கான்கிரீட் போட்டுட்டான். எனக்கு சொல்லலை.

பரீட்சை வந்துச்சு. சார் சொன்ன மாதிரியே கடைசிக் கேள்வியில அந்த ரோட்டோரத்தை வரைஞ்சு குடுத்திருந்தாரு. மேல ஒரு சின்ன சதுரம், அதுக்கு ஒரு கதவு, ரெண்டு ஜன்னல். இந்த இடத்துக்கு மேல வீடு கட்டலாமா, காரணம் எழுதுக. அந்தச் சின்னக் கதவு மேலயே பேனாவை ஒரு தடவை ஓட்டினேன். அப்புறம் எழுதினேன். கட்டக் கூடாது. அடுக்குகள் ரோட்டை நோக்கிச் சாய்கின்றன. இடையில் களிமண். அடித்தாங்கல் வெட்டப்பட்டுள்ளது. முழு மார்க் போட்டு, பக்கத்துல மிக நன்றுன்னு சிவப்பு மசியில எழுதியிருந்தாரு. கிளாஸ்ல எல்லாருமே அதைத்தான் எழுதியிருந்தாங்க. வருஷா வருஷம் எத்தனையோ பசங்க அதை எழுதி மார்க் வாங்கிக்கிட்டுப் போயிருப்பாங்க. குன்று மேல இருக்கறவங்களுக்கு மட்டும்தான் அந்த விடை தெரியாது.

தம்பி குடி போனான். போனேன், ஒரு ஓரமா நின்னுட்டு வந்தேன். வீடு நல்லாத்தான் இருந்துச்சு. கீழ் ரோட்டைப் பாத்த வாசல் கதவு அகலமா, பாலிஷ் போட்டு, ஒரு விரலால தள்ளினா ஓசையில்லாம சாத்திக்கிட்டுச்சு. தம்பி வந்தவங்களுக்கெல்லாம் அதைத் தள்ளித் தள்ளிக் காட்டினான்.

மழைக்காலம் முடியறதுக்குள்ள அந்தக் கதவு தரையில உரச ஆரம்பிச்சுடுச்சு. பாப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆசாரி வந்தாரு, மரம் ஈரத்துல ஊதியிருக்குன்னு அடியில இழைச்சு விட்டாரு. கொஞ்ச நாள்ல மறுபடியும் பிடிச்சுது, மறுபடியும் இழைச்சாரு. இப்ப கீழ கதவு உரசுது, மேல கை நுழையற அளவுக்கு சந்து. ஹால் தரையில நடு வாக்குல ஒரு விரிசல், அதுக்கு சிமெண்ட் பூசி மேல ஒரு பாயைப் போட்டு வச்சிருக்காங்களாம். தம்பி மேஸ்திரியைத் திட்டினான், ஆசாரியைத் திட்டினான், மரக்கடைக்காரனைத் திட்டினான். எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. நானே போன் பண்ணி, டேய் பாப்பாவைக் கூட்டிக்கிட்டு இங்க வந்து இருங்கடா, இடம் பத்தலைன்னாலும் பரவால்லைன்னேன். போனைத் தம்பி பொண்டாட்டி வாங்கிக்கிட்டா.

"கட்டறப்பவே வாய் வச்சீங்க அண்ணி. இப்ப திருப்திதானே?"

அவ மேல தப்பில்லை. பாறைக்குப் பக்கத்துல நின்னு பேசினவளைத்தான் குத்தம் சொல்ல முடியும். பாறையை எப்படித் திட்டறது.

அடுத்த வருஷம் ஃபீல்டு ட்ரிப்புக்கு முன்னாடி சார் கூப்பிட்டாரு. புது பசங்க நிறைய பேர், கூட வந்து பாத்துக்கறீங்களாம்மான்னாரு. அவர் போன வாரமே அந்தப் பக்கம் போயி பாத்துட்டு வந்திருக்காரு. சுவத்துல விரிசல் ரோட்டுலேர்ந்தே தெரியுதும்மா, பசங்களுக்கு இனிமே விளக்கவே வேண்டாம்னாரு. சொன்னப்பறம்தான் யாருகிட்ட சொல்றோம்னு ஞாபகம் வந்திருக்கும் போல, மூக்குக்கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு.

மாட்டேன்னுதான் சொல்லியிருக்கணும். ஆனா அந்த வீட்டைப் பாத்து மாசக்கணக்காச்சு. மேல் ரோடு வழியா போனா கதவைத் திறக்க மாட்டாங்க. கீழேர்ந்து பாக்கறதுக்காவது ஆச்சுன்னு போனேன்.

அதே மேடு. விரிசல் தெரிஞ்சுது, ஜன்னல் மூலையிலேர்ந்து தரை வரைக்கும் படி படியா இறங்கி. சாம்பல் கோட்டுலேர்ந்து தண்ணி கசிஞ்சு பாறையில பாசி பிடிச்சிருந்துச்சு. என் மஞ்ச டிரம்மு மூலையில கவுந்து கிடந்துச்சு. தம்பி வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தான். ஞாயித்துக்கிழமைதானே, லீவு.

சார் என்னைப் பாக்காமலே ஆரம்பிச்சாரு. மணற்கல், களிமண், வெட்டின அடிவாரம். அவர் அந்தக் கேள்வியைத் தவிர்ப்பாருன்னு நெனச்சேன். பழக்கம் விடலை, கேட்டுட்டாரு. நீங்களா இருந்தா கட்டுவீங்களா? மாட்டோம் சார்னு புது பசங்க எல்லாம் ஒரே குரல்ல கத்தினாங்க. ஒருத்தன் மேல பாத்து, அங்கிள் ஓடுங்கன்னு கை ஆட்டினான். எல்லாரும் சிரிச்சாங்க.

மேலேர்ந்து தம்பி பாத்தான். இத்தனை தொப்பிக்கு நடுவுல என்னை அடையாளம் தெரியாதுன்னு நெனச்சேன். தெரிஞ்சுடுச்சு. அவன் கழுத்து அப்படியே என் பக்கம் நின்னுச்சு. நான் கூட்டிக்கிட்டு வந்து காட்டறேன்னு நெனச்சிருப்பான். வேற என்ன நெனைப்பான்.

அது என் தம்பி வீடுன்னு பசங்ககிட்ட சொன்னேன். சத்தமா சொல்லலை, ஆனா சிரிப்பு நின்னுச்சு. முன்னாடி நின்ன ஒரு பொண்ணு, கையில எழுதற அட்டையைப் பிடிச்சுக்கிட்டு, ரொம்ப மரியாதையாத்தான் கேட்டா.

"அப்ப நீங்க யாரும் அவர்கிட்ட சொல்லவே இல்லையா?"

நான் சாரைப் பாத்தேன். சார் பாறையைப் பாத்தாரு. சொன்னேன்மான்னு அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தையில சொல்லிடலாம். ஆனா குழிக்குள்ள இறங்கினது, மண்ணைக் கடிச்சது, முள்ளு திரும்பினது எல்லாம் அவளுக்கு எங்கேர்ந்து சொல்றது.

தம்பி உள்ள போயி கதவை இழுத்தான். சாத்தலை. கொஞ்சம் திறந்து வேகமா இழுத்தான். அப்பவும் பிடிச்சுக்கிட்டுச்சு. ரெண்டு கையாலயும் பிடிச்சு அவன் இழுக்கறதும், அடியில மரம் தரையில உரசற சத்தமும் ரோடு தாண்டி எங்க எல்லாருக்கும் கேட்டுச்சு.

சார் அடுத்த இடத்துக்கு நேரமாச்சுன்னாரு. பசங்க ஒவ்வொருத்தரா பஸ்ல ஏறினாங்க. அந்தக் கதவு திறந்தபடியேதான் இருந்துச்சு.